சிமுலேட்டர் ரயில் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது?

ரயில் சிமுலேட்டர் என்று சொன்னாலே போதும், எட்டாம் வகுப்பில் நான்கு பேராவது எழுந்து நிற்பார்கள். அந்த மென்பொருளைப் பற்றி நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எல்லாரிடமும் ஒரே பதில்தான் வரும். "பெரிய ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் ஏன் திக்கித் திக்கிப் போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல கிராபிக்ஸ் கார்டு போடணும் சார்" என்பார்கள். கணினிக் கடையில் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான். சில நேரம் அது சரி. பல நேரம் தவறு. தவறாகிவிட்டால் ஒரு குடும்பம் சேர்த்து வைத்த பல ஆயிரம் ரூபாய் வீணாகும். ரயிலும் முன்பு போலவே திக்கும்.

கார்டு தேவையா இல்லையா என்பதைக் காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டியது, திரையின் தெளிவுத்திறனை மட்டும் மாற்றி, மற்ற எதையும் தொடாமல் செய்யும் ஒரு சோதனை. அறிவியல் வகுப்பில் ஊசல் சோதனையின்போது 'நீளத்தை மட்டும் மாற்று, மற்றதை மாற்றாதே' என்கிறோமே, அதே முறைதான். அதற்குள் பெருக்கல், தலைகீழ் விகிதம், சராசரி, வரைபடம் எல்லாம் அடங்கியிருப்பதால் கணித ஆசிரியர்களும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஃபிரேம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். திரையில் ரயில் உண்மையில் நகர்வதில்லை. நின்ற படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. அப்படி ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்தை உருவாக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60, அதாவது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. 30 ஃபிரேம் என்றால் 33.3. 20 என்றால் 50. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் ஒரு நொடியில் 30.6 மீட்டர் கடக்கிறது. 20 ஃபிரேமில் அது ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றரை மீட்டர் தாவுகிறது. நம் கண் 'திக்குகிறது' என்று சொல்வது இந்தத் தாவலைத்தான்.

இங்கே மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 60இலிருந்து 50க்கு இறங்குவது பெரிய இழப்பாகவும், 20இலிருந்து 15க்கு இறங்குவது சிறியதாகவும் அவர்களுக்குத் தோன்றும். நேரமாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவதில் ஒரு படத்துக்குக் கூடும் நேரம் 3.3 மில்லிநொடி, இரண்டாவதில் 16.7 மில்லிநொடி. எனவே எல்லாக் கணக்கையும் மில்லிநொடியில் செய்யப் பழக்குவது நல்லது. ஃபிரேம் எண்ணிக்கை பேச்சுக்கு வசதி. கணக்குக்கு நேரம்தான் சரி.

அடுத்தது புள்ளிகள். திரையின் தெளிவுத்திறன் என்பது அகலத்திலும் உயரத்திலும் எத்தனை படப்புள்ளிகள் என்பது. ஐந்து புள்ளி ஐந்து வரிசைக் கோலத்துக்கு 25 புள்ளி. பத்துக்குப் பத்து என்றால் 100. பக்கம் இரு மடங்கானால் புள்ளி நான்கு மடங்காகும். திரையிலும் அப்படித்தான். கீழே உள்ள பெருக்கலை மாணவர்களையே செய்ய விடுங்கள்.

1024 × 768 = 7,86,432
1280 × 720 = 9,21,600
1920 × 1080 = 20,73,600
2560 × 1440 = 36,86,400
3840 × 2160 = 82,94,400

மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் 2001இல் வெளிவந்தபோது முதல் வரியில் உள்ள அளவு பல வீட்டுத் திரைகளில் வழக்கமாக இருந்தது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 1920 × 1080 திரையில் அதைப்போல 2.6 மடங்குக்கும் மேல் புள்ளிகள். 4கே எனப்படும் கடைசி வரி அதைப்போலவும் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் இந்தப் புள்ளிகள் அனைத்துக்கும் நிறம் கணக்கிட்டாக வேண்டும்.

அந்தக் கணக்கை யார் செய்கிறார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. கணினிக்குள் இரண்டு வேலைக்காரர்கள். ஒருவர் மையச் செயலகம், மற்றவர் கிராபிக்ஸ் கார்டில் உள்ள வரைகலைச் செயலி. மார்கழிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து 'இங்கே ஒரு தாமரை, அங்கே ஒரு கிளி' என்று சொல்லிக்கொண்டே போகிறார். வாசலில் பிள்ளைகள் மாவை இழுத்து வண்ணம் நிரப்புகிறார்கள். பாட்டிதான் மையச் செயலகம். வண்ணம் நிரப்பும் கைகள் வரைகலைச் செயலி. 2019இல் வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ் 1650 போன்ற எளிய கார்டிலேயே 896 கணக்கீட்டு மையங்கள் உண்டு, அத்தனை கைகள். வாசல் பெரிதானால் நிரப்பும் கைகளுக்கு வேலை கூடும், பாட்டிக்குக் கூடாது. தாமரையும் கிளியும் எண்ணிக்கையில் கூடினால் பாட்டிக்கு வேலை கூடும்.

இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். கைகள் இந்தப் படத்தை நிரப்பும்போதே பாட்டி அடுத்த படத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். ஆகவே ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம் இரண்டின் கூட்டுத்தொகை ஆகாது. இரண்டில் எது அதிகமோ அதுதான். மெதுவானவர் வேகமே மொத்த வேகம், மற்றவர் காத்திருப்பார். பாட்டி மெதுவாகச் சொன்னால், வாசலில் இன்னும் பத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கோலம் வேகமாக முடியாது.

ரயில் சிமுலேட்டர்கள் மற்ற கணினி விளையாட்டுகளிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். ஒரு பந்தய விளையாட்டில் ஓடுபாதை சில கிலோமீட்டர்தான். ரயில் சிமுலேட்டரில் இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதை போன்ற ஒன்று, ஏறக்குறைய 116 கிலோமீட்டர் நீளம் முழுவதும், மரம், வேலி, சிக்னல், பாலம் எனத் தனித்தனிப் பொருள்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரின் பார்வை தண்டவாளத்தோடு நேராகத் தொலைதூரம் போவதால், அந்தப் பொருள்களில் பல ஒரே படத்தில் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் அல்லது ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 'இதை வரை' என்று ஓர் ஆணையை மையச் செயலகம் அனுப்ப வேண்டும். அதோடு நிற்பதில்லை. நம் ரயிலின் ஒவ்வொரு பெட்டிக்கும் இழுவிசை, பிரேக் காற்றழுத்தம், ஏற்றத்தின் தாக்கம் ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். எதிரே வரும் ரயில்களுக்கும் சிக்னல்களுக்கும் கால அட்டவணை பார்க்க வேண்டும். இவை அனைத்தும் பாட்டியின் வேலை.

அந்தப் பாதையில் ரிபிள்ஹெட் என்ற 24 வளைவுப் பாலம் இருக்கிறது. சுற்றிலும் மரமில்லாத மேட்டுநிலம். அங்கே சிமுலேட்டர் வழுக்கிக்கொண்டு போகும். அதே மென்பொருளை ஒரு மாநகர முனையத்துக்குள் கொண்டுபோனால், பத்து நடைமேடை, நின்றிருக்கும் ரயில்கள், தலைக்குமேல் கம்பிகள், பயணிகள், விளக்குகள். திரை அளவு மாறவில்லை, கார்டு மாறவில்லை. ஆனால் ஃபிரேம் பாதியாகிவிடும். புள்ளி எண்ணிக்கை அதேதானே, பின் எது கூடியது? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும்.

பழைய சிமுலேட்டர்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. அவை எழுதப்பட்ட காலத்தில் வீட்டுக் கணினிச் செயலகங்களுக்கு ஒரே உள்ளகம்தான். அதனால் முக்கிய வேலை முழுவதையும் ஒரே வரிசையில் செய்யும்படி எழுதப்பட்டன. இன்று எட்டு உள்ளகம் உள்ள கணினியில் ஓட்டினாலும் ஒன்று மூச்சுத்திணற, மற்ற ஏழும் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். இருபது ஆண்டு பழைய மென்பொருள் புத்தம் புதிய கணினியிலும் திக்குவதன் காரணம் இதுதான்.

சோதனை செய்யும் முறை

ஓப்பன் ரெயில்ஸ் என்ற சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த மூல மென்பொருள். மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காக உருவான பாதைகளை அதில் ஓட்டலாம். பள்ளி ஆய்வகக் கணினி என்றால் நிறுவும் முன் தலைமையாசிரியரின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மடிக்கணினியிலேயே செய்து காட்டுவது இன்னும் எளிது. ஓடும்போது எஃப்5 விசையை அழுத்தினால் வேகம், பிரேக் நிலை ஆகியவற்றோடு ஃபிரேம் எண்ணிக்கையும் திரையில் தெரியும்.

ஒரு பெரிய நிலையத்தில் ரயிலை நிறுத்துங்கள். கேமரா கோணம், நாளின் நேரம், மழை வெயில் எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அமைப்புகளில் 'வெர்ட்டிகல் சிங்க்' என்பதை நீக்கிவிடுங்கள். அது இருந்தால், படம் திரையின் புதுப்பிப்போடு சேர்ந்துதான் மாறும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லிநொடிக்குள் படம் தயாராகவில்லை என்றால் அடுத்த சுற்றுவரை காத்திருக்கும். எளிய வகையில் 60, 30, 20, 15 என்று 60இன் வகுத்திகளாகவே அளவீடு வந்து நிற்கும். ஒரு மில்லிநொடி தாமதம் பாதி வேக இழப்பாகத் தெரிவது இப்படித்தான். சோதனைக்கு அது ஆகாது.

ரயில் நின்று ஒரு நிமிடம் ஆனபின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது தெளிவுத்திறனை மட்டும் மாற்றி மீண்டும் அதே இடம், அதே கோணம், மீண்டும் எண். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை எடுத்து நடு மதிப்பை எடுக்கலாம். புரொஜெக்டரில் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வகுப்பறைப் புரொஜெக்டர்கள் 1024 × 768 அளவு கொண்டவை. இணைத்தவுடன் மடிக்கணினித் திரையும் தானாக அந்த அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அப்புறம் என்ன மாற்றினாலும் குழப்பம்தான்.

கிடைக்கும் எண்களை எப்படிப் படிப்பது? விளக்கத்துக்காக மூன்று கணினிகளைக் கற்பனை செய்வோம்.

முதல் கணினி 1280 × 720இல் 58 ஃபிரேம், 1920 × 1080இல் 27 ஃபிரேம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளி 2.25 மடங்காகியது, வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் விழுந்தது. நிரப்பும் கைகள் போதவில்லை. இங்கே கிராபிக்ஸ் கார்டு என்ற பதில் சரி. கார்டு வாங்க முடியாவிட்டால் தெளிவுத்திறனைக் குறைத்தே ஓட்டலாம்.

இரண்டாவது கணினி 24, 23 என்கிறது. புள்ளி இரண்டேகால் மடங்காகியும் வேகம் அசையவில்லை. நிரப்பும் கைகள் காத்துக் கிடக்கின்றன. இதற்குப் புதிய கார்டு வாங்குவது வீண் செலவு. பொருள்களின் அடர்த்தி, பார்வைத் தொலைவு, எதிர் ரயில்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறைத்தால் பலன் தெரியும். இந்தக் கணினிக்கு ஒரு விசித்திரமான சலுகையும் உண்டு: திரையைப் பெரிதாக்கினாலும், படத்தின் அழகைக் கூட்டினாலும் ஓரளவு வரை வேகம் குறையாது. மாணவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். செய்து காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது கணினிதான் வரைபடத்துக்கு ஏற்றது. மையச் செயலகத்துக்கு ஒரு படத்துக்கு 25 மில்லிநொடி; கார்டுக்குப் பத்து லட்சம் புள்ளிக்கு 12 மில்லிநொடி என்று கொள்வோம். 1280 × 720இல் கார்டுக்கு 11.1 மில்லிநொடி, 1920 × 1080இல் 24.9, 2560 × 1440இல் 44.2. பெரியதை எடுத்தால் ஃபிரேம் எண்ணிக்கை 40, 40, 22.6 என்று வரும். புள்ளிகளைக் கிடை அச்சிலும் நேரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரையச் சொன்னால், கொஞ்ச தூரம் தட்டையாகப் போகும் கோடு ஓரிடத்தில் மேல்நோக்கி முறியும். அந்த முறிவுப் புள்ளியைக் கண்டுபிடிப்பது ஒன்பதாம் வகுப்புக்கு நல்ல கணக்கு. உண்மையான கணினியில் முறிவு இவ்வளவு கூர்மையாக இருக்காது. நிழல்களை உருவாக்குவது போன்ற சில வேலைகள் திரை அளவைச் சாராமல் கார்டுக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் முதல் கணினிகூட மிகச் சரியாக விகிதப்படி விழ வேண்டியதில்லை.

ரயில் சிமுலேட்டரில் கார்டைத் திணறடிக்கும் அமைப்பு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். தண்டவாளமும் மேல்நிலைக் கம்பியும் மெல்லிய சாய்கோடுகள். புள்ளிகளால் வரையும்போது அவை படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிந்து, ரயில் நகரும்போது மினுமினுக்கும். அதைச் சரிசெய்யும் ஒரு முறையில், திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு இடங்களில் நிறம் கணக்கிட்டுச் சராசரி எடுப்பார்கள். 1920 × 1080 திரையில் அந்த அமைப்பை இட்டால் கண்ணுக்குத் தெரிவது 20,73,600 புள்ளி. கார்டு கணக்கிடுவது 82,94,400. அதாவது 4கே திரை வாங்காமலே 4கே சுமை. 'என் திரை சின்னது, எனக்கு ஏன் மெதுவாகிறது?' என்று கேட்கும் மாணவரிடம் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

தனிக் கார்டு இல்லாத கணினிகள் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மடிக்கணினிகளில் வரைகலைச் செயலி மையச் செயலகத்தோடு ஒரே சில்லில் இருந்துகொண்டு, பொது நினைவகத்தையே பங்குபோட்டுக்கொள்கிறது. டி.டி.ஆர்.4 2400 வகை நினைவகம் ஒரு பட்டையாக இருந்தால் நொடிக்கு 19.2 ஜிகாபைட் வரை கடத்தும். இணையாக இரண்டு பட்டை போட்டால் 38.4. நான் முன்பு சொன்ன எளிய கார்டின் சொந்த நினைவகம் 128 கடத்தும். ஆகவே 8 ஜிகாபைட் ஒற்றைப் பட்டைக்குப் பதில் இரண்டு 4 ஜிகாபைட் பட்டைகள் போட்டிருந்தால், மொத்தக் கொள்ளளவு மாறாமலே இத்தகைய கணினியில் ஃபிரேம் கூடும். கார்டே வாங்குவது என்று முடிவானாலும், மேசைக் கணினியின் மின்வழங்கியைப் பாருங்கள். கார்டு செருகும் துளை வழியாகக் கிடைப்பது 75 வாட்டுதான். அதற்குமேல் கேட்கும் கார்டுக்குத் தனி மின்இணைப்பு வேண்டும். அலுவலகப் பயன்பாட்டுக்கான பல கணினிகளில் அது இருப்பதில்லை.

சராசரி மறைப்பது

ஃபிரேம் எண் நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் ரயில் அவ்வப்போது உறைந்து நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு நொடியில் 50 படங்கள் பத்துப் பத்து மில்லிநொடியில் வந்துவிட்டன. அதற்கு அரை நொடி. 51ஆவது படத்துக்கு மட்டும் மீதி அரை நொடி. மொத்தம் நொடிக்கு 51 ஃபிரேம். எண் அழகாக இருக்கிறது. பார்த்தவருக்கோ ரயில் அரை நொடி நின்றது. சராசரியைக் கொண்டு மட்டும் ஒரு தொகுப்பை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூலில் தேடினாலும் கிடைக்காது. வீச்சு, பெரும மதிப்பு என்பவை எதற்கு என்று மாணவர்களுக்கு இங்கே விளங்கும்.

இந்த உறைதலுக்குப் பெரும்பாலும் காரணம் கார்டும் அல்ல, மையச் செயலகமும் அல்ல. நீண்ட பாதை முழுவதையும் நினைவகத்தில் வைக்க முடியாது. அதனால் நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து, ரயில் நெருங்க நெருங்க அடுத்த சதுரத்தைச் சேமிப்பகத்திலிருந்து எடுக்கிறார்கள். சுழலும் வன்தட்டு அதைத் தாமதமாகக் கொடுத்தால் படம் நிற்கும். எஸ்.எஸ்.டி. மாற்றினால் இது குறையும். ஓரிடத்தில் நின்று செய்த நம் சோதனை இந்தக் குறையைக் காட்டாது. அதற்கு ரயிலை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது ஒரு வேடிக்கையையும் காட்டலாம். நம் ரயில்வேயில் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் கட்டைகள் என்ற கணக்கு உண்டு. அதாவது ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. சிமுலேட்டரின் பாதையிலும் அதே இடைவெளி இருந்து, நொடிக்கு 30 ஃபிரேம் நிலையாகக் கிடைத்தால், மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ரயில் சரியாக ஒரு ஸ்லீப்பர் தூரம் நகர்கிறது. ஆகவே அருகிலுள்ள கட்டைகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வேகத்தை 60க்குக் குறைத்தால் அவை மெல்ல முன்னோக்கி விலகிப் போவதுபோலத் தோன்றும். 60 ஃபிரேமில் இதே வேடிக்கை எந்த வேகத்தில் நடக்கும் என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

கணினியே வேண்டாம் என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதே பாடத்தைக் கட்டத்தாளில் நடத்தலாம். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ரயில் எஞ்சின் படம் ஒன்றை நீங்கள் முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை 'மூன்றாம் வரிசை, நான்காம் கட்டம், சிவப்பு' என்று வாசிக்க, மற்றவர்கள் வண்ணம் தீட்ட வேண்டும். தீட்டுபவர் ஒருவர் என்றால் எவ்வளவு நேரம், இருவர் என்றால், நால்வர் என்றால் என்று கரும்பலகையில் எழுதுங்கள். ஒருவரிலிருந்து இருவருக்கு நேரம் நன்றாகக் குறையும். ஆறு பேர் ஆனதும் இரண்டு பேராவது வண்ணப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரித்து, அதே கட்டளைக்கு நான்கு சிறு கட்டங்களையும் தீட்டச் சொல்லுங்கள். கட்டளைகள் கூடவில்லை, தீட்டும் வேலைதான் கூடியது. இப்போது அந்த இரண்டு பேருக்கும் வேலை வந்துவிடும்.